கடைசியில் வருகிறவள்

பதினோரு வருடம் கழித்து அஞ்சலை அந்தச் சாலையில் சைக்கிளோடு வந்து நின்றபோது காலை ஐந்தே முக்கால். மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கம் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். அதற்கு வேலை நிரந்தரம், யாரும் துரத்த மாட்டார்கள். அஞ்சலைக்கு அப்படியில்லை. பாசிர் பெனம்பாங் மீன் கொட்டகையில் ஆறரைக்கெல்லாம் நிற்க வேண்டும். மீன் யாருக்காகவும் காத்திருக்காது. கொட்டகை முதலாளி தவுக்கேயும் அப்படித்தான்.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. இத்தனை வருடமும் புருஷன் கார்த்திகேசுவின் பழைய காரில் போய் வந்தவள். இனிப்பு நீர் வியாதி அவர் கண்ணை மங்கடித்துவிட, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அஞ்சலைக்கு லைசன்ஸ் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் போட்டிருந்த சைக்கிளை இறக்கித் துடைத்து, காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கிளம்பிவிட்டாள். முட்டி இரண்டும் முதல் மிதியிலேயே முணுமுணுத்தன.

தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்கமும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்கள், இடது ஓரம் முழுக்கக் கறுப்புத் தண்ணீர் ஓடும் கால்வாய், நடுவழியில் ஒரு சின்னப் பாலம். தெருவிளக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அழுகிய மட்டையும் ஈரமண்ணும் கலந்த வாசனை மட்டும் மாறாமல் இருந்தது. கைப்பிடியில் கட்டியிருந்த சின்ன பேட்டரி விளக்கு நான்கு முழம் தூரத்தைக் காட்டியது. மீதி எல்லாம் நம்பிக்கைதான்.

அந்த நாளில் நான்கு பெண்கள் இதே நேரத்துக்கு இதே மீன் கொட்டகைக்கு வரிசையாகப் போவார்கள். நான்கு சைக்கிளிலும் டைனமோ விளக்கு. சக்கரம் சுற்றினால்தான் எரியும், நின்றால் விளக்கும் செத்துப்போகும். இருட்டில் நின்றுவிட்ட சைக்கிளைப் பின்னால் வரும் லோரி பார்க்கவே பார்க்காது. அதனால் முன்னால் போகும் பாப்பம்மா ஒரு சட்டம் போட்டிருந்தாள். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவார்களே, அதுபோல. பாலத்தில் ஏறியதும் முதல் ஆள் ஒரு தடவை மணி அடிக்க வேண்டும். அடுத்தவள் ஒரு தடவை, அதற்கடுத்தவள் ஒரு தடவை. கடைசியில் வருகிறவள் மட்டும் இரண்டு தடவை. இரண்டு கேட்டால் எல்லாரும் வந்தாயிற்று, திரும்பிப் பார்க்காமல் மிதிக்கலாம். கேட்கவில்லை என்றால் அத்தனை பேரும் திரும்பிப் போய், விட்டுப்போனவளைச் சுற்றி டார்ச் லைட்டோடு நிற்க வேண்டும்.

இதை எல்லாம் அஞ்சலை இந்தக் காலையில் நினைக்கக்கூட இல்லை. பாலத்தின் பலகை மேல் டயர் ஏறியதும் கட்டைவிரல் தானாக மணியை இழுத்துவிட்டது.

ட்ரிங்.

"பழக்கத்தப் பாரு," என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

ட்ரிங். ட்ரிங்.

பின்னாலிருந்து வந்தது.

கொஞ்ச தூரத்திலிருந்து, அவசரமில்லாமல், களைத்துப்போன ஒரு கை அடிப்பதுபோல.

அஞ்சலை காலை ஊன்றித் திரும்பினாள். விளக்கு இல்லை. ஆள் இல்லை. கால்வாயில் ஏதோ ஒன்று தண்ணீருக்குள் மெல்ல இறங்கியது. பச்சை இறால் ஓட்டின் வாசனை மூக்கில் ஏறியது. இறால் உரித்துவிட்டுக் கொட்டகையிலிருந்து வீடு திரும்பும்போது அவள் மேலேயே அந்த வாசனை இருக்கும். ஆனால் இது காலை நேரம். அவள் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

அதன் பிறகு பெரிய ரோடு வரும்வரை அவள் முட்டி வலிக்கவே இல்லை. பயம் நல்ல மருந்து.

சாயங்காலம் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது அடுத்த வீட்டுத் துளசி வந்து நின்றாள். இருபத்தொரு வயசு. கோலசிலாங்கூர் டவுனில் விடியற்காலையே திறக்கும் ஒரு மருந்துக் கடையில் வேலை. அந்த நான்கு பேரில் கடைசியில் வந்த மாலாவின் மகள்.

"என்ன பெரிம்மா, ஹெல்மெட் இல்லாமலா போறீங்க? பின்னாடி லைட்டும் இல்ல. கறுப்புச் சட்ட வேற. லோரிக்காரன் எப்படி உங்களப் பார்ப்பான்?"

"அவனுக்குக் கண்ணு இருக்குல்ல."

"கண்ணு இருக்கு, தூக்கமும் இருக்குலா." துளசி சிரித்தாள். "ஓரத்த ஒட்டிப் போகாதீங்க. ஒரு கை அகலம் விட்டு உள்ள ஏறிப் போங்க. ஓரத்துல போனா இடம் இருக்குன்னு நெனச்சு இடிச்சிட்டுப் போயிருவான். நானும் செகண்ட் ஹேண்ட் சைக்கிள் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். அப்பாவுக்கு நைட் ஷிப்ட், என்னைய ஏத்திக்கிட்டுப் போக முடியல. வந்ததும் நாம சேர்ந்தே போலாம், ஓகேயா?"

அஞ்சலை தலையாட்டினாள். துளசி போகவில்லை. சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

"பெரிம்மா. அன்னிக்கு அம்மா ரெண்டு தடவ அடிச்சாங்கதானே?"

"ம்."

"அடிச்சிட்டு எதுக்குத் திரும்பிப் போனாங்க?"

"தெரியலம்மா," என்றாள் அஞ்சலை. பதினோரு வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பொய் அது. நாக்கு வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் அவள் மணியைத் தொடவில்லை. இரண்டு கையையும் கைப்பிடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்தாள். பாலத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து இரண்டு தடவை கேட்டது. நேற்றைவிடப் பக்கத்தில்.

மூன்றாம் நாள் இன்னும் பக்கத்தில். மணிச் சத்தத்துக்கு முன்னால் டைனமோ டயரில் உரசும் சத்தமும் வந்தது. உம்மென்று அடித்தொண்டையில் முனகுவதுபோல. அவள் சைக்கிளின் டைனமோ எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது, அந்தச் சத்தத்தை இந்தப் பக்கத்தில் யாரும் கேட்டுப் பல வருடமாகிறது.

அன்று சாயங்காலம் ஸ்பேனரை எடுத்து அஞ்சலை தன் சைக்கிள் மணியைக் கழற்றினாள். அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள்.

"எதுக்குடி பெல்ல கழட்டுற?" என்றார் கார்த்திகேசு, சத்தம் வந்த திசையில் முகத்தைத் திருப்பி.

"துரு பிடிச்சிருச்சு."

ராத்திரி தூக்கம் வரவில்லை. வராது என்று அவளுக்கே தெரியும். மாலா எதற்குத் திரும்பிப் போனாள் என்று ஊரே கேட்டது. மாலா திரும்பிப் போகவே இல்லை என்பது அஞ்சலை ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று மழை விட்ட காலை. பாலத்துக்கு இருநூறு அடி முன்னால் மாலாவின் செயின் கழன்றுவிட்டது. "அக்கா, நில்லுங்கக்கா, செயினு," என்ற குரல் அஞ்சலையின் காதில் விழுந்தது. மூன்றாவதாகப் போனவள் அவள். டார்ச் லைட் அவள் கூடையில் இருந்தது. ஆனால் அதற்கு முந்தின நாள் மாமியாரை ஆஸ்பத்திரியில் விட்டு வந்து இரண்டு மணி நேரம்தான் கண்ணசந்திருந்தாள். நேரமாகிவிட்டால் தவுக்கே கேட்டைச் சாத்திவிடுவார். நின்று, திரும்பி, டார்ச் பிடித்து, மறுபடி ஏறி மிதிக்க உடம்பில் தெம்பில்லை. மாலா இளவயசு, ஒரு நிமிடத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள் என்று நினைத்தாள்.

பாலத்தில் பாப்பம்மா அடித்தாள். இரண்டாமவள் அடித்தாள். அஞ்சலை ஒரு தடவை அடித்தாள். அப்புறம், கொஞ்சம் இடைவெளி விட்டு, மாலாவுக்காக இரண்டு தடவை அவளே அடித்தாள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கேட்டால் பார்க்க வேண்டியதில்லையே.

விளக்கு செத்த சைக்கிளின் பக்கத்தில் குனிந்திருந்தவளைச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி பார்க்கவில்லை. மாலா பாலத்தில் ஏறி மணி அடித்தாள் என்று பாப்பம்மா சத்தியம் செய்தாள். அப்படியென்றால் இந்தப் பக்கம் எதற்குத் திரும்பி வந்தாள்? அந்த இருட்டில் யாரைப் பார்க்க வந்தாள்? ஊர் வாய்க்கு அது போதும். சாவு வீட்டுக் காப்பி ஆறுவதற்குள் ஒரு ஆணின் பெயரைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். அஞ்சலை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை வாயும் அடைத்திருக்கும். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை.

மணியைக் கழற்றிய பிறகு நான்கு நாள் சாலை அமைதியாக இருந்தது. ஐந்தாம் நாள் துளசியின் சைக்கிள் வந்துவிட்டது.

தலையில் ஹெல்மெட், மேலே பளபளக்கும் பச்சை வெஸ்ட், முன்னால் கண் கூசும் விளக்கு. அஞ்சலைக்கும் ஒரு வெஸ்ட் வாங்கி வந்திருந்தாள். மினுக்கி மினுக்கி எரியும் சிவப்பு விளக்கு ஒன்றை அவள் சீட்டுக்குப் பின்னால் மாட்டிவிட்டாள்.

"நான் முன்னால போறேன். நீங்க பின்னாலயே வாங்க. பாலத்துல நான் ஒண்ணு அடிப்பேன், நீங்க ரெண்டு. அம்மா காலத்து ஸ்டைல்."

பெல் இல்லை என்று அஞ்சலை அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் இல்லை என்று கேட்பாள். அதற்கு ஒரு பொய் சொல்ல வேண்டும். விடியற்காலை ஐந்தே முக்காலுக்குப் புதுப் பொய் ஒன்றைத் தேட அவளுக்கு அலுப்பாக இருந்தது. பேசாமல் ஏறி மிதித்தாள்.

லேசான தூறல். துளசியின் வெளிச்சம் முன்னால் பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போனது. இளங்கால்கள், வேகம் அதிகம். இடைவெளி கூடிக்கொண்டே போனது.

பாலத்துக்கு இருநூறு அடி இருக்கும்போது மிதி வெறுமனே சுற்றியது.

செயின்.

அஞ்சலை இறங்கினாள். நேற்று ராத்திரிதான் இறுக்கினாள், எண்ணெய் விட்டாள். குனிந்து தடவினாள். செயின் சக்கரத்திலிருந்து கழன்று தொங்கியது. பின்னால் சிவப்பு விளக்கு இரண்டு தடவை மினுக்கியது. அணைந்தது. தட்டிப் பார்த்தாள். எரியவில்லை. புது பேட்டரி.

"துளசி!"

தூறல் அவள் குரலை அங்கேயே அமுக்கிவிட்டது. முன்னால் வெளிச்சம் பாலத்தில் ஏறுவது தெரிந்தது.

ட்ரிங்.

அஞ்சலைக்கு உயிர் வந்தது. பதில் கேட்காவிட்டால் பெண் நின்றுவிடுவாள். திரும்பி வருவாள். வெளிச்சத்தோடு வருவாள். அதற்குத்தானே சட்டம்.

அவள் காத்திருந்தாள்.

ட்ரிங். ட்ரிங்.

பாலத்திலிருந்து வந்தது. துளசிக்குப் பின்னாலிருந்து.

அவளுக்காக யாரோ அடித்துவிட்டார்கள்.

வெளிச்சம் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்தைத் தாண்டி, சின்னதாகி, மூட்டத்தில் கரைந்துபோனது. அதன் பின்னால் டைனமோவின் முனகல் ஒன்றும் தேய்ந்துகொண்டே போனது.

இறால் ஓட்டு வாசனை.

"மாலா," என்றாள் அஞ்சலை. 

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் லோரியின் உறுமல் கேட்டது.

ஒற்றை விளக்கு. வேகம். நிற்கிற மாதிரி இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அங்கேயே நின்றுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவு அலுப்பு. பதினோரு வருடத்து அலுப்பு. அப்புறம் உடம்பு தானாகவே தாவியது. கால்வாயின் கறுப்புத் தண்ணீர் நெஞ்சுவரை ஏறியது. மேலே இரும்பு நொறுங்கும் சத்தம். லோரி நிற்காமல் போய்விட்டது. குலை ஏதோ விழுந்து கிடந்தது என்று நினைத்திருப்பான். இந்தச் சாலையில் குலை மேல் ஏறாத லோரி கிடையாது.

வானம் வெளுக்கத் தொடங்கியபோது துளசி மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். பெரிய ரோடுவரை போய், அங்கேயும் ஆளைக் காணாமல் வந்திருக்கிறாள். கால்வாய்க் கரையில் சேறும் ரத்தக் கீறலுமாக உட்கார்ந்திருந்த அஞ்சலையைப் பார்த்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயோ பெரிம்மா! என்னாச்சு? பின்னாலயே வர்றீங்கன்னுதானே நெனச்சேன். ரெண்டு தடவ அடிச்சீங்களே!"

அஞ்சலை கையை நீட்டிக் காட்டினாள். சாலை நடுவில் நசுங்கிக் கிடந்த சைக்கிளின் கைப்பிடி மட்டும் முழுசாக இருந்தது. மணி இருந்த இடத்தில் துருவின் வட்டம்.

துளசி அதையே பார்த்தாள். குனிந்து அந்த வட்டத்தை விரலால் தொட்டாள்.

"நான் அடிக்கல. என்கிட்ட பெல்லு இல்ல," என்றாள் அஞ்சலை. "அன்னிக்கு உங்கம்மாவும் அடிக்கல."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். நிறுத்தாமல், அழாமல், மேலே கீழே பார்க்காமல் சொன்னாள்.  கடைசியில் துளசி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"டார்ச் லைட் யார்கிட்ட இருந்துச்சு?"

"என் கூடையிலதான்மா."

துளசி எழுந்தாள். ஹெல்மெட்டை மாட்டினாள். தன் சைக்கிளை ஏறாமல் தள்ளிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். பத்தடி தள்ளி நின்று, முதுகைக் காட்டிக்கொண்டே, "அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்," என்றாள்.

அன்று சாயங்காலமே அஞ்சலை போய்ச் சொன்னாள். துளசியின் அப்பா ரவீந்திரன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கேட்டதும் பொத்தானில் இருந்த கையை இறக்கினான்.

"பதினோரு வருசமா அவமேல கோவமா இருந்தேன்க்கா. படத்துக்கு ஒரு பூ வச்சதில்ல," என்றான்.  கதவை மெல்லச் சாத்திக்கொண்டான். அடித்துச் சாத்தியிருந்தால் அஞ்சலைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. சபாக்கில் மகன் வீட்டில் இருக்கும் பாப்பம்மாவுக்குக்கூடப் போன் போய்விட்டதாம். அஞ்சலை மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. கார்த்திகேசு தட்டுத்தடுமாறிக் காப்பி கலந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

நான்காம் நாள் காலை ஐந்தரைக்குக் கதவு தட்டப்பட்டது. துளசி. ஹெல்மெட், பச்சை வெஸ்ட் எல்லாம் போட்டிருந்தாள். அவள் சைக்கிளோடு இன்னொரு சைக்கிளும் நின்றது. ரவீந்திரனுடைய பழையது. துடைத்து, விளக்கு மாட்டி, புது மணி வைத்திருந்தது.

"கெளம்புங்க பெரிம்மா. எத்தன நாளு உள்ளயே இருப்பீங்க?"

குரலில் கோபம் இல்லை. பாசமும் இல்லை. ராத்திரி முழுக்க விழித்திருந்த குரல். கூடவே இன்னொரு ஹெல்மெட்டை நீட்டினாள்.

"இன்னிக்கு நீங்க முன்னால போங்க. நான் பின்னால வர்றேன். பாலத்துல மறக்காம அடிங்க."

அஞ்சலை ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். இந்தப் பெண் எங்கே போகச் சொன்னாலும் போக வேண்டிய கடன் அவளுக்கு இருந்தது.

காற்று அசையவில்லை. செம்பனை மட்டைகள் ஈரத்தில் கனத்துத் தொங்கின. பின்னால் துளசியின் டயர் கல்லில் நெரியும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. மாலா செத்த இடத்தைக் கடக்கும்போது அந்தச் சத்தம் கொஞ்சம் மெதுவாகி, மறுபடி பழையபடி வந்தது.

பாலம் வந்தது. அஞ்சலை கட்டைவிரலை மணிமேல் வைத்தாள்.

ட்ரிங்.

இப்போது துளசி இரண்டு அடிப்பாள். கணக்கு முடிந்துவிடும். முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி, எல்லாரும் வந்தாயிற்று. அப்புறம் இந்தச் சாலை வெறும் சாலையாகிவிடும் என்று அஞ்சலை நம்ப ஆசைப்பட்டாள்.

ட்ரிங்.

ஒன்றுதான்.

அஞ்சலை இன்னொன்றுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. துளசியின் டயர் பக்கத்தில்தான் கேட்டது, அவசரமில்லாமல்.

"துளசி," என்றாள் திரும்பாமல், மெதுவாக. "இன்னொண்ணு அடிம்மா. கடைசி ஆளு ரெண்டு அடிக்கணும்."

"தெரியும் பெரிம்மா," என்றாள் துளசி. "நான் கடைசி இல்ல."

பச்சை இறால் ஓட்டின் வாசனை பாலத்தின் மேல் பரவியது. இரண்டு பேர் சைக்கிளிலும் டைனமோ கிடையாது. ஆனாலும் அந்த முனகல் பின்னாலிருந்து நெருங்கி வந்து, அவர்கள் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

ட்ரிங். ட்ரிங்.

துளசி பெருமூச்சு விட்டது கேட்டது. அஞ்சலை திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கேட்டுவிட்டால் பார்க்கக் கூடாது. அவள் மிதித்தாள்.